கடைசிப் பத்து நிமிஷம்

நம் ஏழாம் வகுப்புக் குழுவில் நான் இத்தனை நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. வாய்ஸ் மெசேஜாகப் போட்டிருக்கலாம். என் குரலை நானே கேட்கிற நிலைமையில் இன்றைக்கு இல்லை. எல்லாருக்கும் வாசிக்கக் கண்ணாடி இருக்கிறது, போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் அட்மின் ஒரு லிங்க் போட்டார். நாம் ஏழாவது படித்தபோது ஞாயிறு காலைகளில் டிவியில் வந்ததே, தமிழில் பேசவைத்த வெளிநாட்டு விண்வெளித் தொடர், அதில் அந்த மாய அறைப் பாகம். அது எங்கோ இணையத்தில் கிடந்ததாம். அதுவரை வெந்தயத் தண்ணீரும் காலை வணக்கப் பூவுமாக இருந்த குழு அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தது. தலைக்கவசத்தை மாட்டி ஒரு பெண்ணை ஒரு பொய் ஊருக்குள் அனுப்புகிறார்கள்; அங்கே அவளுக்குப் புருஷன், பிள்ளை, வீடு எல்லாம் இருக்கிறது; ஒரு நாள் அவளுக்குச் சந்தேகம் வருகிறது; ஒரு கதவு முன்னால் போய் நிற்கிறாள்; முடிவில் ஒரு ரொட்டி வருகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் காலத்தில் விர்ச்சுவல் ரியாலிட்டி என்று சின்னப் பிள்ளைகள் கண்ணில் கட்டிக்கொண்டு விளையாடுவதுதான். அந்தக் கதைக்குத்தான் இரண்டு நாளாக உங்கள் ஆராய்ச்சி.

"அவ வெளிய வரவே இல்லப்பா. அந்த ரொட்டியும் உள்ளதான் இருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று அட்மின்.

"வெளிய வந்துட்டா. ரொட்டியக் கடிக்கறப்ப கண்ணுல தண்ணி வருது பாரு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று துபாயிலிருந்து ஒருத்தர்.

"நாமளே உள்ளதான் இருக்கோம். வெளிய போனா சுகரு இருக்காது" என்று பேங்கில் இருக்கிறவள். அதற்கு ஒரு கூட்டம் கைதட்டல் படம்.

இதுவரை சரி. முடி நரைத்த பிறகு மனிதர்கள் எதைப் பேசினாலும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். நேற்றுக் காலை அட்மின் எழுதினார்: "நம்ம கிளாஸ்ல ஒரு புள்ள இத நம்பி சோறு திங்காம கெடந்துச்சே. தொக்கம்லாம் எடுத்தாங்களே. யாரு அது?" கீழே பதினாறு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் போட்டீர்கள். நான் எண்ணினேன். எனக்கு அருவருப்பு வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல, என் மேல்தான் கூடுதலாக.

அது யார் என்று கேட்டீர்களே. லாரிக்காரர் மகள். மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இரண்டு மாதம் முன்பு யாரோ ஒருவர் அவளை இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறார். பேரும் படமும் இல்லாத ஒரு நம்பர். "வணக்கம், ஆண்டிமடத்துலேர்ந்து" என்று ஒரு வரி எழுதினாள். நீங்கள் யாரும் யாரென்று கேட்கவில்லை. அட்மின் கேள்வியையும் அந்தப் பதினாறு சிரிப்பையும் அவளும் பார்த்தாள். அட்மின் தன் மெசேஜை அமுக்கிப் பார்த்தால் படித்தவர்கள் வரிசையில் அந்த நம்பரும் இருக்கும்.

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். நம் தெருவில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் எருக்கஞ்செடி, பீர்க்கங்கொடி, மாட்டு முதுகு எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாக்கை நீட்டினால் அதிலும் படியும். அப்போது டிவி இருந்தது கணக்கு வாத்தியார் வீட்டில். அவர் மகன்தான் இன்றைக்கு நம் அட்மின். அந்த முன்னறையில் முப்பது பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தால் வியர்வையும் தேங்காயெண்ணெயும் யாரோ விட்ட காற்றும் சேர்ந்து ஒரு வாடை வரும். அதை நீங்கள் இன்று 'அந்தக் காலத்து வாசனை' என்று எழுதுகிறீர்கள். அது நாற்றம். அப்போதும் நாற்றம்தான்.

மாய அறைப் பாகம் வந்த ஞாயிறு நான் அங்கே இல்லை. பெரம்பலூரில் சித்தி வீட்டுக்கு அம்மாவோடு போயிருந்தேன். அந்தப் பெண் கதவுக்கு முன்னால் நின்று கையைத் தூக்குகிற நேரத்தில் அரியலூரில் கரண்ட் போய்விட்டது. உங்கள் யாருக்கும் கடைசிப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஒரே துக்கம் விசாரிப்பு.

"நீ பெரம்பலூர்லதான இருந்த? அங்க கரண்ட் இருந்துச்சா?" என்று வாத்தியார் மகன் கேட்டான்.

"இருந்துச்சு" என்றேன்.

பொய். பெரம்பலூரிலும் அதே நேரத்தில்தான் போனது. சித்தி டிவியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, 'போச்சுடி' என்று எழுந்து வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. அன்றைக்கு முப்பது பேர் நின்றீர்கள். பின் பெஞ்சுக்காரி ஒருத்தி எனக்கு விசிறிவிட்டாள்.

மதிய மணி அடித்திருந்தது. நான் கதையை யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் லாரிக்காரர் மகள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சம் சாதம். அவள் அம்மா முந்திரி உடைக்கிற வேலைக்குப் போனார். உடைசல் பருப்பு கொஞ்சம் கிடைக்கும். அதை நெய்யில் வறுத்து மேலே தூவியிருப்பார். என் டப்பாவில் முந்தின நாள் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, ஓரத்தில் நுரை கட்டி இருந்தது. மூடியைத் திறக்கவே கூசியது. அந்த நெய் வாசனை மூக்கில் ஏறிய நொடியில் எனக்குக் கடைசிப் பத்து நிமிஷம் கிடைத்துவிட்டது.

"உள்ள குடுக்கற சோறு இருக்கு பாரு, அதான் கட்டிப்போட்டு வச்சிருக்கு. அத தின்னா உள்ளயே கெடக்க வேண்டியதுதான். தின்னாம இருந்தா ஏழு நாள்ல கதவு தொறக்கும்" என்றேன்.

எல்லாரும் வாயைப் பிளந்தீர்கள். அவள் மட்டும் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள்.

"உள்ள செத்துப்போனவங்க?" என்று கேட்டாள்.

அவள் அப்பா ஆறு மாதம் முன்புதான் போயிருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரி வாலிகண்டபுரம் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அவர் உடல் வீட்டுக்கு வந்த அன்று எங்கள் அம்மா என்னையும் கூட்டிப்போயிருந்தாள். தெரிந்தும் சொன்னேன்.

"அவங்கல்லாம் முன்னாடியே வெளிய போயிட்டாங்க. தலையில இருக்கறத கழட்டி வச்சுட்டு ஒக்காந்திருக்காங்க."

அவள் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாள். சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் அவள் அப்பா பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. லாரியில் போகும்போது அவர் கொண்டுபோன டப்பா அது. நான் சாப்பிட்டேன். அடுத்த நாளும் சாப்பிட்டேன். அதற்கடுத்த நாளும். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வந்தது, அதிலும் முந்திரி.

"தண்ணி குடிக்கலாமா?" என்று புதன்கிழமை அவள் என்னைக் கேட்டாள்.

"தண்ணி பரவால்ல" என்றேன், பெரிய மனசு பண்ணி.

அந்த வாரக் கடைசியில் நீங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கு வாத்தியாரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை வாத்தியார் மகன் எடுத்து வந்தான். உள்ளே பஞ்சு கிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கு அடை அடையாக ஒட்டி, நாய் படுத்த சாக்கு போல நாறும். அதை ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளே என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் ராக்கெட் என்றான். ஒருத்தி ஊட்டி என்றாள். லாரிக்காரர் மகள் மாட்டினாள். கழட்டவே இல்லை. "எறங்குடி, அடுத்தாளு நிக்கிது" என்று நீங்கள் மேலே டொக் டொக் என்று தட்டினீர்கள். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. கடைசியில் பிடுங்கியபோது முகமெல்லாம் அழுக்கு எண்ணெயும் கண்ணீரும். அன்றைக்கும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கும் நேற்றைய படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏழு நாள் ஆனது. கதவு திறக்கவில்லை.

"வூட்டுல அம்மா பாத்துக்கிட்டே இருக்காங்க. ரெண்டு வாயி திங்கறேன். கொல்லைக்குப் போயி துப்பிடறேன். அதுலயே கொஞ்சம் உள்ள போயிடுதோ?" என்று என்னிடம் கவலையாகக் கேட்டாள்.

"ஆமா. அதான். மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ணணும்" என்றேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பன்னிரண்டு வயசுப் பெண் அப்படிப் பேசினாளா என்று கேட்பீர்கள். பேசினாள். அவளுக்கு, அதாவது எனக்கு, அந்த டிபன் பாக்ஸ் இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது.

அவள் கன்னம் ஒட்டிவிட்டது. உதடு வெடித்து, வாயில் புளித்த வாடை அடித்தது. நான் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் அம்மா ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேதான் பேசுவார்.

"அக்கா, புள்ளைக்கு சோறு எறங்க மாட்டேங்குது. குடுத்து வுடற டிபன மட்டும் வழிச்சு சாப்புட்டுடுது. வூட்டுல ரெண்டு வாயிக்கு மேல வைக்க மாட்டேங்குது. என்னான்னே தெரியலீங்க."

நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "தொக்கம் வுழுந்திருக்கும். திருமழபாடி போற வழியில ஒருத்தரு எடுக்கறாரு. நாளைக்கே போயிட்டு வருவோம்" என்றாள். தின்றது எதுவோ செரிக்காமல் தொண்டைக்குழியில் அடைத்துக்கொள்வதுதான் தொக்கம். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உங்களில் பாதிப் பேருக்கு எடுத்திருப்பார்கள்.

சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தொக்கம் எடுக்கிறவர் வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு ஒரு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்சட்டி, அதில் முன்னால் வந்தவர்களுக்கு எடுத்துத் துப்பியதெல்லாம் எச்சிலோடு மிதந்தது. ஈ மொய்த்தது. அவளைக் காலுக்கிடையில் இழுத்து உட்காரவைத்து, தொண்டையில் விளக்கெண்ணெய் தடவி, பித்தளைக் குழலைத் தொண்டைக்குழியில் வைத்து உறிஞ்சினார். கொர் என்று ஒரு சத்தம். பிறகு சட்டியில் துப்பினார். பழுப்பு நிறத்தில் ஒரு முட்டைத் துண்டு, அதைச் சுற்றி நீளமாக ஒரு முடி.

"பாத்தியாம்மா? எத்தினி நாளா அடைச்சுக் கெடந்திருக்கு" என்றார்.

அவள் அம்மா அதைக் குனிந்து பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகை. எங்கள் அம்மா, "எடுத்தாச்சுல்ல, வுடு, இனிமே சாப்புடும்" என்று அவர் முதுகைத் தடவினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நானும் அவளும் கடைசி சீட்டில். அவள் முகத்தில் அத்தனை நாளில் இல்லாத தெளிவு. என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"நாங்க அப்பா போனதுலேர்ந்து முட்டையே வாங்கல. வருசம் திரும்பணும்னு அம்மா எதுவும் கவுச்சி சேக்கறதில்ல. என் தொண்டையில முட்ட எப்புடி வரும்? நீ சொன்னது நெசந்தான்டி. இங்க எல்லாமே பொய்யி."

என்னால் அப்போது சொல்லியிருக்க முடியும். முன்சீட்டில்தான் இரண்டு அம்மாக்களும் இருந்தார்கள். எழுந்துபோய், அவள் டிபனைத் தின்பது நான்தான் என்று ஒரு வரி. சொல்லவில்லை. அவள் வாய் நாற்றம் தாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் அம்மா வயசாகிப் படுக்கையில் கிடந்தபோது எல்லாவற்றையும் சொல்லி, அந்த முட்டையைப் பற்றி ஒரு தரம் கேட்டேன். "அந்தாளு முட்டைய கடவாயில ஒதுக்கி வச்சிருந்தத நான் பாத்தேன். அவ மனசு தேறட்டும்னு வுட்டுட்டேன்" என்றாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்துக் கேட்ட எனக்கு அவளும் என்னைப் போலத்தான் என்று தெரிந்தது. அன்று அவளுக்குக் கஞ்சி ஊட்டவே எனக்குக் கை கூசியது.

தொக்கம் எடுத்த பிறகு லாரிக்காரர் மகள் சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். துப்புவதற்குக்கூட வாயில் வைக்கவில்லை. புதன்கிழமை காலை பிரேயரில், கொடிக்கம்பத்துக்கு நேரே, சத்தமில்லாமல் கீழே விழுந்தாள். பிரேயருக்கு முன்பே டிபன் பாக்ஸை என் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். அது வழக்கம். கணக்கு வாத்தியார் ஸ்கூட்டரில் அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு டீச்சர் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருச்சி. பிழைத்துக்கொண்டாள் என்று மட்டும் தெரிந்தது. அவள் அம்மா டி.சி. வாங்கிக்கொண்டு பிறந்த ஊர்ப் பக்கம், ஆண்டிமடத்துக்கே போய்விட்டார். நாம் அடுத்த ஞாயிறு அடுத்த பாகம் பார்த்தோம்.

இதெல்லாம் எனக்கு மறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் பாயசத்தில் முந்திரி தட்டுப்பட்டால் எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுவேன். கொழுப்புக்குப் பயப்படுகிறாள் என்று நீங்களே கிண்டல் செய்திருக்கிறீர்கள்.

நேற்று உங்கள் லிங்க்கைத் திறந்து அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கதவு திறக்கிறது. வெளியே ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் இருக்கிற ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறார். அவள் வாங்கிச் சாப்பிடுகிறாள். வெளியே வந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிவது அதைத் தின்ற பிறகுதான். நீங்கள் இதை வைத்து உள்ளே, வெளியே என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். என்னால் அந்த ரொட்டியைப் பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அந்த நம்பருக்குத் தனியாக எழுதினேன். நான் யாரென்று சொன்னேன். பெரம்பலூரிலும் அன்றைக்குக் கரண்ட் இல்லை, நான் எதையும் பார்க்கவில்லை, எல்லாம் நானாகச் சொன்னது, உன் டிபனுக்காகச் சொன்னது என்று எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையைப் போட்டு, அழித்து, போட்டு, கடைசியில் அழித்தே அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அதை அப்படியே போடுகிறேன்.

"தெரியும். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் வெளிய வந்துட்டேன்னு நெனச்சேன். கட்டில சுத்தி அப்பாவத் தேடுனேன். அம்மாதான் இருந்தாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு நீ பாக்கலன்னு. அம்மா போன வருசம் தவறிட்டாங்க. சாவுற வரைக்கும் தொக்கம் எடுத்ததாலதான் நீ பொழச்சன்னு சொல்லிட்டிருந்தாங்க. நானும் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த டிபன் பாக்ஸ் உங்கிட்டதான இருக்கு? மூடியில அப்பா பேரு வெட்டியிருக்கும். அவரு பேரு போட்ட சாமான் எங்க வூட்டுல வேற எதுவும் இல்ல. அம்மாவும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இருந்தா குடுத்து வுடு."

இன்னும் பதில் போடவில்லை. இங்கே போடுகிறேன். அவளும் படிப்பாள், சிரித்த பதினாறு பேரும் படியுங்கள்.

டிபன் பாக்ஸ் என்னிடம் இல்லை. நீ விழுந்த அன்று சாயங்காலம் அதை நம் தெருக்கோடியில் இருக்கிற பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதில் அப்போது பச்சைத் தண்ணீர் நின்றது, பனை உயரத்துக்கு ஆழம் என்பார்கள். உன் அம்மா கண்ணில் பட்டால் மாட்டிக்கொள்வேன் என்று அதைத் தூக்கி எறியத்தான் போனேன். கரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். தயிர் சாதமும் வறுத்த முந்திரியும் இருந்தது. உன்னை அப்போது திருச்சிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசித்தது. முழுவதையும் தின்று, விரலை நக்கி, மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் எறிந்தேன்.